ஒம்போதாம் நம்பர் ஜெர்சி: எங்க கிரவுண்டு சுவத்துல நடந்தது

நான் திருப்பூர்ல ஜெர்சி பிரிண்டிங் பண்றேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்ல, ஒரு சப்ளிமேஷன் பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், தையல் வெளிய குடுத்து வாங்கிக்குவேன். சாயங்காலமானா பல்லடம் பக்கம் எங்க ஊர் கிரவுண்டுல பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றேன். இந்த ரெண்டு வேலையும் ஒரே ஆள் செய்யறதாலதான் இந்த விசயம் என் கண்ணுல பட்டுச்சு. டீம்காரங்க ஆர்டர் குடுக்கறப்ப வாட்ஸப்ல ஒரு லிஸ்ட் அனுப்புவாங்க, பேரு, சைஸு, நம்பர், அவ்ளோதான். 7-க்கு ரெண்டு பேர் சண்டை போட்டிருப்பாங்க, 10-க்கு மூணு பேர். 8 இருக்கும், 10 இருக்கும், நடுவுல 9 இருக்காது. கூப்ட்டு கேட்டா "அண்ணா 9 வேண்டாங்ணா, அதுக்கு 19 போட்ருங்"னு சொல்லிட்டு போன வெச்சிருவாங்க.

ஏன்னு தமிழ்நாட்டுல ஸ்கூல் படிச்ச யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்ல. ரோல் நம்பர் ஒம்போது வந்த பையன் வருசம் பூரா அந்தச் சிரிப்பத் தாங்கணும், ஒம்போதாம் வாய்ப்பாடு சொல்றப்பவே பின்னாடி பெஞ்சுல ஒருத்தன் கனைப்பான். திருநங்கைகளத் திட்றதுக்கு வெச்சிருந்த அந்த எண்ண, நடை கொஞ்சம் மெதுவா இருக்கற பையன், குரல் ஒடையாத பையன், அழுதுட்ட பையன், ஆம்பளைங்கள புடிக்கற ஆம்பளை, எல்லாத்து மேலயும் வீசறோம். கிரவுண்டுல இது இன்னும் மோசம், ஏன்னா ஃபுட்பால்ல ஒருத்தன் பந்த விட்டா "ஏன்டா விட்ட"னு கேக்க மாட்டாங்க, அவன் ஆம்பளையானு கேப்பாங்க.

அதே ஃபுட்பால்ல 9-ங்கறது என்ன நம்பருங்க? சென்டர் ஃபார்வர்டு. கோல் அடிக்கறவன். 2002 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜெர்மனிக்கு எதிரா ரெண்டு கோல் போட்ட பிரேசில் ரொனால்டோ முதுகுல இருந்தது 9, மேன்செஸ்டர் சிட்டில ஹாலண்டு போட்டுக்கறது 9. உலகம் பூரா சின்னப் பசங்க ஆசைப்படற நம்பர எங்க பசங்க தொட மாட்டேங்கறாங்க, நானும் பல வருசம் ஒரு வார்த்தை பேசாம 19-னு அடிச்சுக் குடுத்துட்டு இருந்திருக்கேன்.

அந்த மேட்ச்

எங்க டீம்ல ஒரு தம்பி இருந்தான், ஸ்ட்ரைக்கர். அப்பா தறி ஓட்டறார். இடது கால்ல பந்து அப்படியே ஒட்டிக்கும் அவனுக்கு, கோலுக்கு முன்னாடி பெனால்டி பெட்டிக்குள்ள முதுகக் காட்டி நின்னு வாங்கித் திரும்பற அந்த ஒரு விசயத்த நான் அவனுக்குச் சொல்லித் தரவே இல்ல, தானா வந்துச்சு. பேச்சு மெதுவா இருக்கும், கைய ஆட்டிப் பேசுவான், அவ்ளோதான். அவன் யாரு எப்படினு எனக்குத் தெரியாது, நான் தெரிஞ்சுக்க வேண்டியதும் இல்ல.

பக்கத்து ஊர்ல டீமுக்கு ஏழு பேர் ஆடற செவன்ஸ் டோர்னமெண்டு, நைட் மேட்ச், ஹாலஜன் லைட்டு போட்டு நல்ல கூட்டம். ரெண்டாவது பாதில இவன் ஒரு ஈசி சான்ஸ விட்டான். லைனுக்கு வெளிய இருந்து ஒருத்தன் ஆரம்பிச்சான், "ஒம்போது... ஒம்போது"னு, அப்புறம் கைதட்டலோட கூட்டமே சொல்ல ஆரம்பிச்சுது, அவன் பந்த தொடறப்ப எல்லாம். எங்க டீம் பசங்க ரெண்டு பேர் பல்லக் கடிச்சுட்டு சிரிப்ப அடக்குனத நான் பாத்தேன். ரெஃப்ரி கண்டுக்கல. நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். எந்திரிச்சு மேட்ச நிறுத்தச் சொல்லியிருக்கலாம், நிறுத்தல, ஜெயிச்சா செமிஃபைனல்னு நெனப்பு. நாங்க ஜெயிச்சோம். அடுத்த நாள்ல இருந்து அந்தத் தம்பி கிரவுண்டுக்கு வரல.

ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா மோர் குடுத்துட்டு, "படிக்கோணுமாமுங்க, பந்து வேண்டாங்கறான்"னு சொன்னாங்க. கதவு ஓரமா நின்னு அவன் என்னையப் பாத்தான், எதுவும் பேசல. அந்த வெசனம் எனக்கு இன்னும் போகல.

வேற ஊர்ல வேற நம்பர்

இத எப்படிச் சரி பண்றதுனு தேடிப் படிச்சப்பதான் பிரேசில் கதை கெடச்சுது, படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா அங்க 24-னு ஒரு நம்பர் எங்க 9 மாதிரியே இருக்கு. 1892-ல ரியோ நகரத்து மிருகக்காட்சி சாலைல ஆரம்பிச்ச ஒரு சூதாட்டம், 25 மிருகம், அதுல 24-வது மான். போர்ச்சுகீசுல மானுக்கு இருக்கற சொல்லத்தான் தன்பாலீர்ப்பு உள்ள ஆம்பளைங்களத் திட்டப் பயன்படுத்தறாங்க. அதனால அங்க ஃபுட்பால்காரங்க 24 போட மாட்டாங்க. 2020 ஜனவரில கொரிந்தியான்ஸ் கிளப்புக்கு காண்டில்யோனு ஒரு கொலம்பியாக்காரர் வந்தார், பழைய கிளப்புல அவர் நம்பர் 24, அத இங்கயும் தருவீங்களானு கேள்வி வந்தப்ப "24 இங்க கிடையாது"ங்கற மாதிரி டைரக்டர் சொல்லிட்டார், அப்புறம் எதிர்ப்பு கெளம்பி மன்னிப்புக் கேட்டார், கடைசில காண்டில்யோ அந்த 24-யே போட்டு ஆடினார். அதே மாசம் பாயியா கிளப்புல ஃப்ளாவியோனு ஒரு மிட்ஃபீல்டர் வேணும்னே 24 போட்டுட்டு எறங்கினார், கிளப்பே அத ஒரு பிரச்சாரமா நடத்துச்சு. தென் அமெரிக்க நாடுங்க ஆடற கோபா அமெரிக்கால, 2021-ல, பிரேசில் டீம் லிஸ்ட்ல 23-க்கு அப்புறம் நேரா 25. 2022 உலகக் கோப்பைல 1-ல இருந்து 26 வரைக்கும் எல்லா நம்பரும் யாராவது போட்டே ஆகணும்னு வந்ததால பிரெமர் 24 போட்டார். ஒரு சட்டையத் துணிஞ்சு போட்டுக்கறதே ஒரு கேம்பெயின்தான்னு அங்கதான் எனக்குப் புரிஞ்சுது.

இங்கிலாந்துல இது உயிரையே எடுத்த விசயம். ஜஸ்டின் ஃபஷானு, நார்விச்சுல ஆடினவர், 1981-ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவர 10 லட்சம் பவுண்டுக்கு வாங்குச்சு, அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின பிரிட்டிஷ் வீரர். 1990-ல தான் தன்பாலீர்ப்பாளர்னு வெளிப்படையா சொன்னார், கூடப் பொறந்த தம்பியே அவர ஒதுக்கினார், 1998 மே மாசம் 37 வயசுல உயிர மாய்ச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் பிரிட்டன்ல ஆடிட்டு இருக்கறப்பவே அப்படி வெளிப்படையா சொன்ன அடுத்த ஆம்பளை புரொஃபஷனல் பிளேயர், பிளாக்பூல்ல ஆடின ஜேக் டேனியல்ஸ், 17 வயசு, 2022 மே. நடுவுல 32 வருசம். ஃபஷானு பொறந்த நாள் பிப்ரவரி 19, அவர் நெனவா ஆரம்பிச்ச இயக்கத்துல இருந்துதான் 2010-ல வெறுப்புக்கு எதிரான ஃபுட்பால் பிரச்சாரம் ஒண்ணு கெளம்புச்சு.

முதல் சுவர், தோத்துப் போனது

எங்க கிரவுண்டுக்கு மேக்கால ஒரு மூடிப்போன தறிக் குடோன் காம்பவுண்டு சுவர் இருக்கு, சுமார் 80 அடி. எலக்சன் வந்தா சுண்ணாம்பு அடிச்சு கட்சிக்காரங்க புக் பண்ணிருவாங்க, மத்த நேரம் வைத்தியசாலை விளம்பரம். கோயமுத்தூர் உக்கடத்துல அடுக்குமாடி வீட்டு பில்டிங் மேல பெருசு பெருசா ஓவியம் வரைஞ்சத பசங்க பாத்துட்டு வந்து, நாமளும் வரையலாங்ணானு கேட்டுட்டே இருந்தாங்க. குடோன் ஓனர்கிட்ட போய் நின்னேன், "கட்சி வேண்டாம், சாமி வேண்டாம், மத்தபடி எதாச்சும் பண்ணிக்கோங்க தம்பி"ன்னார்.

நாங்க என்ன பண்ணோம்னா வெளிநாட்டுல பாத்தத அப்படியே எறக்கினோம். தன்பாலீர்ப்பாளர், திருநங்கைகளுக்கு ஆதரவுனு காட்டற வானவில் பட்டை, ஒரு பந்து, மேல "வெறுப்பை வெளியே உதை"னு கொட்டை எழுத்துல. எனக்கு வானவில் புதுசில்ல, ஜூன் மாசம் வெளிநாட்டுக் கடைக்குப் போற டீசர்ட்டுக்கு நானே நாள் கணக்கா பிரஸ் போட்டிருக்கேன். ஆனா எங்க ஊர்ல அது எதுக்குனு யாருக்கும் தெரியல, டீக்கடைல கேக்கறாங்க பெயிண்டு கம்பெனி விளம்பரமா, புதுக் கட்சியானு. தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு பேருக்கு மட்டும் நல்லாவே தெரிஞ்சிருக்கு, எட்டாவது நாள் காலைல போனா சுவர் மேல கழிவு ஆயில் ஊத்தி இருந்துச்சு.

ஆயில விட எனக்கு வலிச்சது வேற. பசங்க அந்தச் சுவத்துப் பக்கமே நிக்க மாட்டேன்னாங்க. தண்ணி குடிக்கறதுக்கு, ஷூ கட்டறதுக்கு அது வரைக்கும் அந்தச் சுவத்து நெழல்லதான் உக்காருவாங்க, இப்ப எதிர்ப்பக்கம் வெயில்ல போய் உக்காந்தாங்க. அங்க நின்னா அவனையும் அப்படிச் சொல்லிருவாங்கனு பயம். பையனக் காப்பாத்தலாம்னு போட்ட படம், பசங்களுக்கு நிக்கறதுக்கு இருந்த எடத்தையும் எடுத்துருச்சு.

சுவர் அழியறது புதுசில்லதான். 2021 யூரோ ஃபைனல்ல பெனால்டிய விட்டதுக்கு மேன்செஸ்டர் விதிங்டன்ல சுவத்துல இருந்த இங்கிலாந்து பிளேயர் ராஷ்ஃபோர்டு படத்துல ராவோட ராவா எவனோ கிறுக்கினான், அடுத்த நாள் ஊர் சனமே வந்து துண்டுச் சீட்டுல அன்பா எழுதி அந்த எடத்த மூடுச்சு. அது வேற விசயம், ஆனா அங்க சுவத்துல இருந்தவன் அந்த ஊர்ப் பையன், சனத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி. எங்க சுவத்துல ஊருக்குச் சொந்தமா எதுவுமே இல்ல, அதனாலதான் தொடைக்க ஒருத்தரும் வரல.

அதே வருசம் ஜூன்ல இன்னொண்ணு நடந்துச்சு, ஹங்கேரி பார்லிமெண்டு தன்பாலீர்ப்பு பத்தி பசங்களுக்குச் சொல்லித் தர்றதத் தடுத்து சட்டம் போட்டதுக்கு எதிர்ப்பா, ஜெர்மனி-ஹங்கேரி மேட்ச் அன்னிக்கு ம்யூனிக் ஸ்டேடியத்துக்கு வானவில் வெளிச்சம் போடலாமானு அந்த நகரத்துக்காரங்க கேட்டாங்க, ஐரோப்பா ஃபுட்பால நடத்தற யூஃபா முடியாதுன்னுட்டாங்க. உடனே ஜெர்மனில மத்த ஊர் ஸ்டேடியம் எல்லாம் வெளிச்சம் போட்டுருச்சு. அந்த ஊர்ல வானவில்னா என்னனு கொழந்தைக்கும் தெரியும், அதனால மறுத்ததே பெரிய செய்தி ஆயிருச்சு. எங்க ஊருக்கு வேற சின்னம் வேணும்.

ரெண்டாவது சுவர்

அந்தச் சின்னத்தச் சொன்னது நான் இல்ல. எங்க ஊர்ல ஒரு பெரியவர், நாப்பது வருசம் சுவர் விளம்பரம் எழுதினவர், ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போயிருச்சு. ஆயில எப்படி எடுக்கறதுனு கேக்கப் போனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏந் தம்பி, அந்தப் பையன அவனுக என்ன சொல்லித் திட்டுனாங்க?"ன்னார். சொன்னேன். "அப்ப அதையே எழுது. நீ எழுதுன வாசகத்த யாரும் திட்டுறதுக்கு எடுக்கப் போறதில்ல, அந்த நம்பரத்தான எடுக்கறான்? அவன்கிட்ட இருந்து அத வாங்கிப் போடு."

அப்படி வந்ததுதான் இப்ப இருக்கற சுவர். நெஜ கோல் போஸ்ட் அளவு, 24 அடி அகலம், 8 அடி உயரம், வெள்ளைல வரைஞ்சோம். உள்ள அஞ்சு வட்டம். நடுவுல 1, கீழ மூலைல 3, 5, இடது மேல 7, வலது மேல மூலைல, கோலிக்குக் கை எட்டவே எட்டாத எடத்துல, 9. பெனால்டி ஸ்பாட்ல இருந்து அடிக்கணும், எதுல படுதோ அவ்ளோ பாயிண்டு. ஆயில் பட்ட எடத்த சொரண்டி, ரெண்டு கோட் பிரைமர், அப்புறம் எக்ஸ்டீரியர் எமல்சன், எல்லாம் சேத்து 11,400 ரூபா, பாதி நான் போட்டேன், மீதிய பசங்க பத்து இருபதுனு சேத்தாங்க.

அந்த 9-அ வரையறதுக்கு திருநங்கை அக்கா ரெண்டு பேரக் கூப்ட்டேன், கல்யாண வீட்டுல கோலம் போடறதுல நல்ல பேரு அவங்களுக்கு. பெங்களூர்ல 2016-ல ஆரம்பிச்ச அரவாணி ஆர்ட் புராஜெக்ட்ல திருநங்கைகள் சேந்து பெரிய பெரிய சுவர் எல்லாம் வரையறாங்கனு சொல்லித்தான் கேட்டேன், கூலி பேசித்தான், சும்மா இல்ல. வந்து பாத்துட்டு மூத்த அக்கா பிரஷ்ஷக் கையில வாங்கவே இல்ல. "இந்த நம்பர எழுதக் கை கூசுதுப்பா"ன்னாங்க. கடைல ஒம்போது ரூபா சில்லறை வாங்கறதுக்கே கூசற வாழ்க்கை. நான் அந்தத் தம்பி கதையச் சொல்லி, "அவன் அப்படி எல்லாம் இல்லக்கா, பாவம், நல்ல பையன்"னேன். அக்கா என்னையவே பாத்தாங்க. "அப்படி இருந்தா நல்ல பையன் இல்லியா கண்ணு?"

இந்த ஒரு கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. அது வரைக்கும் நான் பண்ணிட்டு இருந்ததெல்லாம் என்னனா, எங்க பையன் மேல விழுந்த சேற்றத் தொடைச்சு அத இன்னொருத்தர் பக்கம் தள்ளி விடறது. அவன் அப்படி இல்லனு சொல்லிக் காப்பாத்தறப்ப, அப்படி இருக்கறவங்கள அடிக்கலாம்னு நானே சொல்லிட்டேன். 2008-ல தமிழ்நாட்டுல திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துச்சு, 2018 செப்டம்பர் 6-ல சுப்ரீம் கோர்ட்டு தன்பாலீர்ப்பு குத்தம் இல்லன்னு 377-ங்கற சட்டப் பிரிவுல அந்தப் பகுதிய அடிச்சுது, 2021-ல மெட்ராஸ் ஐகோர்ட்டு, மாத்திக் காட்றேன்னு பண்ற போலி வைத்தியத்துக்குத் தடை போட்டுது, அந்த வழக்குல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது புரியலனு ஒத்துக்கிட்டு ஒரு மனநல நிபுணர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டுதான் தீர்ப்பு எழுதினார். ஒரு ஜட்ஜே போய்க் கத்துக்கறப்ப, பசங்க முன்னாடி நிக்கற நான் கத்துக்காம இருந்தது பெரிய தப்பு.

அக்கா அப்புறம் எழுதுனாங்க. புள்ளி வெச்சு, நெளிக் கோலம் சுத்தி, உள்ள செவப்புல 9. அதுக்குப் பக்கத்துல ரெண்டு பேர் பேரையும் கையெழுத்தாப் போடச் சொன்னேன், போட்டாங்க.

என்ன மாறுச்சு, என்ன மாறல

முதல் நாள் சாயங்காலமே பசங்க வரிசைல நின்னுட்டாங்க. எல்லாருக்கும் அந்த மேல் மூலைதான் வேணும். பட்டா, கிரவுண்டே சேந்து கத்தும், "ஒம்போதேய்!"னு. நான் ஒரு அட்வைஸும் பண்ணல. அதே வார்த்தை, அதே பசங்க, அதே தொண்டை, ஆனா இப்ப அது ஒருத்தன் அருமையா அடிச்சதுக்குக் கத்தற வார்த்தை. இட்டேரில ஆடு ஓட்டிட்டுப் போற பாட்டி ஒருத்தங்க நின்னு, "இன்னைக்கு எத்தன ஒம்போது அடிச்ச அம்மிணி"னு ஒரு பொண்ணுகிட்டக் கேட்டாங்க. எங்க கேர்ள்ஸ் டீம்ல 9 கேட்டு மொதல்ல பேர் குடுத்ததும் அந்தப் பொண்ணுதான்.

படம் மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டாவது வாரம் ப்ராக்டிஸ் மேட்ச்ல எங்க பையன் ஒருத்தன் பழைய அர்த்தத்துலயே சொன்னான், முகத்துலயே தெரிஞ்சுது. வார்த்தை ஒண்ணுதான், சொல்ற தொனில வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்த நிறுத்தினேன். மைதானத்துல பாகுபாடு காட்டிக் கத்துனா மொதல்ல நிறுத்து, மறுபடி நடந்தா கொஞ்ச நேரம் வெளிய கூட்டிட்டுப் போ, அப்பயும் நிக்கலன்னா ஆட்டத்தையே கைவிடுன்னு ஃபிஃபாவே மூணு படி வெச்சிருக்கு, அத எங்க கிரவுண்டுக்கும் வெச்சோம். கேப்டனே நிறுத்தலாம், கோச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். இது வரைக்கும் ரெண்டு தடவ கேப்டன் நிறுத்தியிருக்கான்.

வெளியூர் கிரவுண்டுல இன்னும் கத்தறாங்க, அங்க எங்க சுவர் இல்லியே. முதல் சுவத்தப்ப மூணு வீட்டுல பசங்கள நிறுத்துனாங்க, ரெண்டு பேர் திரும்பி வந்தாங்க, ஒருத்தன அவங்கப்பா இன்னும் அனுப்பல. "ஊர்ல ஒறம்பரை எல்லாம் கேக்கறாங்க தம்பி"ங்கறார், நான் ரெண்டு தடவ போய்ப் பேசிட்டேன், மறுபடியும் போவேன். சுவரு மேல இது வரைக்கும் யாரும் எதுவும் ஊத்தல. பந்து பட்டுப் பட்டு அந்த 9 மேலயே பெயிண்டு உதிருது, மத்த வட்டம் எல்லாம் புதுசாட்டவே இருக்கு, அதனால மாசம் ஒருக்கா அக்காங்க வந்து செவப்ப மறுபடி ஏத்தறாங்க, பசங்க ஏணியப் புடிச்சுக்கறாங்க.

அந்தத் தம்பி இப்ப கோயமுத்தூர்ல காலேஜ் சேந்துட்டான். பொங்கல் லீவுல வந்தவன் சொல்லாம கொள்ளாம கிரவுண்டுக்கு வந்திருக்கான், நான் கடைல இருந்தேன், பசங்கதான் சொன்னாங்க, ஸ்பாட்ல பந்த வெச்சு இடது கால்ல அடிச்சானாம். ராத்திரி எனக்கு மெசேஜ் வந்துச்சு. "அண்ணா, என் பழைய ஜெர்சில 19-னு போட்டீங்கல்ல. அந்த 1-அ மட்டும் எடுக்க முடியுமாங்ணா?"

எடுக்க முடியாது. ஒட்டுற ஸ்டிக்கர்னா உரிச்சரலாம், இது சப்ளிமேஷன், 200 டிகிரில பிரஸ் போடறப்ப கலர் ஆவியாகி பாலியஸ்டர் நூலுக்குள்ளயே எறங்கிரும், தொவைச்சாலும் போகாது, கிழிஞ்சாலும் போகாது. அதச் சொல்லிட்டு சைஸ் மட்டும் கேட்டேன், மீடியம் இப்ப பத்தாதாம், லார்ஜ். மறுநாள் காலைல கடை தொறந்ததும் புதுசா ஒண்ணு பிரஸ் போட்டேன்.